இரண்டின் அடுக்கு மூன்று ஆறு என்று சொன்னவள்

மகளே,

போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு, கடையத்திலிருந்து நானும் உன் அப்பாவும் திரும்பிய அன்று மாலை, நீ போனில் ஒரு வாக்கியம் சொன்னாய். "நீ பாத்துட்டேல்லா, நீ சொன்னா சரிதாம்மா." அன்று அது எனக்கு இனித்தது. பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து அதே வாக்கியம் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கொடியில் துணி காய மாட்டேன் என்கிறது. நான் அதை முன்பக்கத்துக் கொடிக்கும் பின்பக்கத்துக் கொடிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை, அதனால் குற்றாலத்தில் உன் அப்பாவின் சிப்ஸ் கடையில் வியாபாரம் இல்லை, அவர் வீட்டிலேயே இருக்கிறார். "ஒரு எடத்துல இரியேன்டி, ஒன்னயப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று தினமும் மூன்று தடவையாவது சொல்லிவிடுகிறார்.

இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ சரி என்றால், நூலக வாசகர் வட்டத்துக்காரர்கள் போடும் சின்னப் பத்திரிகைக்கும் கொடுப்பேன், உன் பெயரும் என் பெயரும் இல்லாமல். எத்தனையோ வருடமாக எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். வீட்டுக் கதையை வெளியே வைப்பது எனக்குப் பிடிக்காது, அது உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒன்றை மறைத்து வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நம் தெருவில் எனக்குப் 'புஸ்தகக்காரி' என்று பெயர். மாத்திரை அட்டையை நீட்டி "இத சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்ன தாள் வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளையை எந்த குரூப்பில் சேர்க்கலாம் என்பது வரைக்கும் கேட்பார்கள். நான் ஒரு தடவைகூட 'தெரியாது' என்று சொன்னதில்லை. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை ஊகித்துச் சொன்னேன், இரண்டையும் ஒரே குரலில் சொன்னேன். அப்படிச் சொன்னதில் ஒன்று உன் தலையில் விழுந்தது. அது எப்படி விழுந்தது என்று உன்னைவிட எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது காய்ச்சல் வந்து மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் காலையில் செல்வியின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு உளுந்து அரைக்க வேண்டும், உன் அப்பாவுக்குக் கடைக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். செல்வி முதல் கணக்கை மட்டும் எழுதியிருந்தாள். 2² = 4. அதற்குக் கீழே ஒன்பது கணக்குகள் விடை எழுதாமல் இருந்தன. "எம்மா, இந்த மேல குட்டியா இருக்கே, அது என்னதும்மா?" என்று கேட்டாய். நான் ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவள். என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பீடி சுற்ற உட்கார்ந்தவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நூலகத்தில் எடுத்த கதைகளும் சரித்திரமும்தான். எண்ணின் தலைக்கு மேல் சின்னதாக இன்னொரு எண் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். 'தெரியலட்டி, டீச்சர்கிட்ட கேளு' என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி போதும். அதற்குப் பதிலாக அந்த ஒரு விடையை உற்றுப் பார்த்தேன். கீழே இரண்டு, மேலே இரண்டு, விடை நாலு. இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் நாலு. சரியாக வந்துவிட்டது. "கீழ உள்ளதையும் மேல உள்ளதையும் பெருக்கு. அவ்வளவுதான்" என்றேன்.

நீ உடனே எழுதவில்லை. பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாய். "அப்படின்னா ரெண்டு பெருக்கல் மூணுன்னே நேரா எழுதிரலாம்லா? எதுக்கும்மா மேல தூக்கி வைக்கணும்?" என்றாய். அதை இப்போது நினைத்தால் என் முகம் சுடுகிறது. அந்தக் கேள்வியில்தான் முழுப் பாடமும் இருந்தது. பன்னிரண்டு வயதில் நீ அந்த விதியின் மேல் கை வைத்து, இது ஆடுகிறதே என்று காட்டினாய். நான் உளுந்தைத் தள்ளிக்கொண்டே, "பேப்பர் மிச்சம்டி. பெருக்கல் குறி போட வேண்டாம்லா" என்றேன். அப்படி ஒரு பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் சந்தேகமே இல்லை. நீ தலையை ஆட்டிவிட்டு எழுதினாய். 2³ = 6. 3⁴ = 12. 5³ = 15. பத்தையும் எழுதி முடித்தாய். நான் எட்டிப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் பாடத்தில் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அது உறுத்தவே இல்லை. "எம்மவ தானாப் படிச்சுக்கிடுவா, ஒண்ணும் கேக்க மாட்டா" என்று தெருவில் பெருமையடித்துக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பை நீ எடுத்தபோது, "எனக்கு வரலாறுதாம்மா" என்றாய். சரி என்றேன். இப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி வரலாறு கடைசி வருடம் படிக்கிறாய். முதல் வருட விடுமுறையில் வந்தபோது, மேலே கல்வெட்டுப் படிக்க வேண்டும், அதற்குத் தஞ்சாவூர் போக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாய். நான் சோற்றை வடித்துக்கொண்டே "பாப்பம்" என்றேன். இரண்டாவது தடவை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனிக் கடையத்துக்கு வருகிறேன். பையன் ராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான், லீவு முடிவதற்குள் வீட்டில் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் நானும் உன் அப்பாவும் வீடு பார்க்கப் போனோம். நல்ல வீடு. வயல் இருக்கிறது, பின்னால் நாலு தென்னை நிற்கிறது. காபி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் அந்தப் பையன் எழுந்து எங்கள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கழுவிக் கவிழ்த்தான். யாரும் சொல்லாமல் செய்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வருவதற்குள் அவன் அம்மாவிடம், "இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழம வாங்க மதினி, பூ வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன். நீயும் அவனும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. போட்டோ மட்டும் போயிருந்தது. பஸ்ஸில் உன் அப்பா என்னிடம், "ஒரு டம்ளரக் கழுவுனதுக்கு ஒரு பிள்ளையக் குடுத்துருவியாட்டி?" என்றார். "எந்த வீட்டுல ஆம்பள டம்ளரத் தொடுதான்?" என்று கேட்டேன். "நான் தெனமும் கடையில எண்ணெச் சட்டியக் கழுவுதேன். அதுக்கு மட்டும் ஒனக்குக் கண்ணு தெரியாது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலைதான் உன்னிடம் சொன்னேன், நீயும் நான் சொன்னால் சரி என்றாய்.

நாலாம் நாள், வியாழக்கிழமை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கணக்கு டீச்சர், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண், பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டோட அடுக்கு மூணு எவ்வளவு?" என்று கேட்டாள். "ஆறு டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. எனக்குள்ளும் ஆறு என்றுதான் வந்தது. "எப்படிலே ஆறு?" "ரெம்மூணு ஆறு டீச்சர்." "அப்ப ரெண்டோட அடுக்கு ரெண்டு?" "நாலு!" டீச்சர் சிரித்தாள். "அது சரிதான். அதுலதாம்லே எல்லாரும் ஏமாறுதீங்க. கீழ உள்ளதையும் மேல உள்ளதையும் பெருக்குனாலும் அங்கன நாலுதான். ரெண்டை ரெண்டு தடவ போட்டுப் பெருக்குனாலும் நாலுதான். ரெண்டு ரோடும் அங்கன ஒண்ணாக் கெடக்கு. மூணுக்குப் போனாத்தான் பிரியும். மேல இருக்கது பெருக்குத ஆளு இல்ல. கீழ உள்ளவன எத்தன தடவ கூப்பிடணும்னு சொல்லுத ஆளு. மூணு தடவ கூப்பிடு. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. இப்பப் பெருக்கு." கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஒரு பெண் குரல் தனியாக, "எட்டு" என்றது.

என் கையில் முட்டை பாதி உரித்தபடி இருந்தது. தாம்பாளத்தில் உரித்து வைத்திருந்த முட்டைகளில் இரண்டைத் தனியாக எடுத்து வைத்தேன். அதை இரண்டு மடங்காக்கினேன், நாலு. அதையும் இரண்டு மடங்காக்கினேன், எட்டு. இன்னொரு தடவை, பதினாறு. சமையல் அக்கா கரண்டியோடு வந்து நின்று, "ஏட்டி, பிள்ளைக தின்னுத முட்டைய வச்சுப் பல்லாங்குழி ஆடுதியா?" என்றாள். நான் முட்டைகளைத் தாம்பாளத்தில் திரும்பச் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து, சிப்ஸ் மடிக்கும் பழைய தாள் ஒன்றில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் என் விதி, மறுபக்கம் டீச்சர் சொன்னது. இரண்டில் வித்தியாசம் இல்லை. மூன்றில் ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டுதான் வித்தியாசம், கவனிக்காமல் போய்விடலாம். நாலில் எட்டும் பதினாறும். பத்துக்குப் போனபோது என் பக்கம் இருபது நின்றது, அந்தப் பக்கம் ஆயிரத்து இருபத்து நாலு நின்றது. தொடங்கும் இடத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை, போகப் போக எவ்வளவு தூரம் விலகிப் போகிறது என்று பார்த்தபோது எனக்கு உன் பத்துக் கணக்குகள் நினைவுக்கு வந்தன. அதற்குப் பின்னாலேயே கடையத்து டம்ளரும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்வி வேலை பார்க்கும் செல்போன் கடைக்குப் போனேன். போனுக்கு உறை வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு போனேன். "ஏழாப்புல நம்ம பிள்ள அடுக்குக் கணக்க தப்பாப் போட்டாளே, ஞாபகம் இருக்காட்டி?" என்று மெல்லக் கேட்டேன். செல்விக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. "அத மறக்க முடியுமா அத்த? ஒத்த ஆளா நின்னு சண்ட போட்டால்லா! ஆறுதான், எங்கம்மா சொன்னான்னு உக்கார மாட்டேன்னுட்டா. ஒங்கம்மா எந்தக் காலேஜுல படிச்சான்னு அப்ப இருந்த டீச்சர் கேட்டுட்டாவ. கிளாசே சிரிச்சுது. இவ அப்பவும் விடல. எங்கம்மா படிக்காத புஸ்தகமே இந்த ஊருல கெடையாதுன்னா. நானும் சிரிச்சுட்டேன் அத்த, அதுக்கு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல." தண்டனையாகப் பத்துக் கணக்கையும் பத்துப் பத்துத் தடவை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்களாம். "கையெழுத்து யாரு போட்டா?" என்று கேட்டேன். செல்வி நாக்கைக் கடித்தாள். "அவளேதான் அத்த. ஒங்க கையெழுத்த ரெண்டு நாளாப் பழகி அச்சாப் போட்டா. எங்கம்மாவுக்கு இது தெரியக் கூடாது, தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்னா." போன் உறையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அன்று மாலை உன்னைக் கூப்பிட்டேன். நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாயோ என்று பயந்துகொண்டு கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "செல்விக்கு வாய் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றாய். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா நீ அழுவ. அழுது முடிச்சுட்டு ஏழாப்பு புஸ்தகத்த எடுத்து ராப்பகலாப் படிச்சு என்னயும் சேத்துக் கொல்லுவ" என்றாய். "அதனாலதான் பதினொண்ணுல கணக்கு எடுக்கலையா?" இதைக் கேட்பதற்குத்தான் கூப்பிட்டேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம்மா, எனக்குக் கணக்கு பிடிக்காது, கல்வெட்டு பிடிக்கும். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஒத்தக் கணக்க வச்சு எம்பூராக் கதையையும் எழுதிட்டியாக்கும்?" என்றாய். உண்மைதான். ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு விதி எழுதும் புத்தி எனக்கு அந்த வருத்தத்திலும் போகவில்லை.

பிறகு கடையத்துப் பேச்சை எடுத்தேன். "ஒனக்கு என்ன தோணுது, அதச் சொல்லு" என்றேன். "நீ பாத்துட்டேல்லா" என்றாய். "நான் பாத்தது இருக்கட்டும்." நீ சொன்னாய்: "நீ வாக்குக் குடுத்துட்டு வந்துட்டம்மா. இனி நான் வேண்டாம்னு சொன்னா ஒன்னயல்லா தெருவுல பேசுவாவ. விடு, பாத்துக்கிடலாம்." போனை வைத்த பிறகு நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். மழை பெய்தது, குடை எடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் என் மானத்தைக் காப்பாற்ற என் கையெழுத்தைப் போட்ட பெண், இருபது வயதில் அதையேதான் செய்யப் போகிறாள். இந்தத் தடவை போடப் போவது தன் கையெழுத்து.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். டம்ளர் பொய் இல்லை. அவன் கழுவினான், அது நல்ல குணம்தான். இரண்டின் அடுக்கு இரண்டு நாலு என்பதிலும் பொய் இல்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் நான் பார்த்தது அது ஒன்று மட்டும் இல்லை. "அங்க குளிரு ஒத்துக்கிடுதாப்பா?" என்று அவனிடம் கேட்டேன். "அவனுக்கு எல்லாம் ஒத்துக்கிடும்" என்றாள் அவன் அம்மா. "லீவுக்கு வந்தா என்ன செய்வீங்க?" என்றேன். "எனக்கு வயலுக்குக் கூடமாட நிப்பான்" என்றாள் அவன் அம்மா. "எம்மவ மேல படிக்கணும்னா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதில் டம்ளரோடு ஒத்துப்போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். கடையம் இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தஞ்சாவூர் அப்படி இல்லை. நான் மாப்பிள்ளை பார்க்கப் போகவில்லை மகளே, தூரம் பார்க்கப் போனேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. அந்தக் கணக்கு டீச்சரிடம் ஏழாம் வகுப்புப் புத்தகம் ஒன்று கேட்டு வாங்கினேன். அதில் எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்யம் என்றால் விடை ஒன்று என்று போட்டிருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவைகூடக் கூப்பிடாவிட்டால் ஒன்றுமே இருக்கக் கூடாதே, ஒன்று எங்கிருந்து வந்தது? டீச்சரிடம் கேட்டேன். "விதி சொல்லுவேன் அக்கா. ஆனா ஒங்களுக்குப் புரியுத மாதிரி எப்படிச் சொல்லன்னு தெரியல. யோசிச்சுட்டுத் திங்கக்கிழம சொல்லுதேன்" என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள். பக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள், சமையல் அக்கா நின்றாள், அவள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. திங்கட்கிழமை வந்து கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதிக் காட்டினாள்: பதினாறு, எட்டு, நாலு, இரண்டு. "அடுக்கு ஒண்ணு கொறையும்போது எல்லாம் பாதியாகுது பாத்தீங்களா? ரெண்டுக்கு அடுக்கு ஒண்ணு. அதுலயும் ஒண்ணு கொறச்சா?" இரண்டில் பாதி. "ஒண்ணு" என்றேன். நான் சந்தோஷப்பட்டது அந்த ஒன்றுக்காக மட்டும் இல்லை. சனிக்கிழமை 'தெரியல' என்றவளுக்குத் திங்கட்கிழமை அது தெரிந்திருந்தது. அந்த இரண்டு நாளை நான் என் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததில்லை, எனக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை, அதாவது நேற்று, விடுப்புச் சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறிக் கடையத்தில் இறங்கினேன். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம், சொன்னவள் நான்தானே என்றேன். அந்த அம்மா முற்றத்துக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க மதினி, என்ன இந்த மழையில?" என்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் சொல்ல வராது. "மதினி, நான் குடுத்த வாக்கத் திரும்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

சொளகு நின்றது. "என்ன சொல்லுதிய? பையனுக்கு என்ன கொற?"

"பையன எனக்குத் தெரியாது மதினி. அவரு டம்ளரு கழுவுனது மட்டுந்தான் தெரியும். எம்மவகிட்ட ஒரு வார்த்த கேக்காம நானாச் சொல்லிட்டேன். அவ மேல படிக்கணும்னு ஆசப்பட்டா, அதையும் ஒங்ககிட்ட மறச்சுட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "வெள்ளிக்கிழமைக்குப் பூவுக்குச் சொல்லியாச்சு. சிவகிரியில இருந்து எங்க அண்ணாச்சி வாராவ. எல்லார்கிட்டயும் நான் என்னன்னு சொல்லுவேன்? ஒங்களப் பெரிய படிப்பாளின்னு சொன்னாவளே, இதுதான் படிச்ச லெச்சணமா?"

"நான் ஏழாப்பே முடிக்கல மதினி. படிச்சதையும் தப்பாத்தான் படிச்சிருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது உள்ளே இருந்து அந்தப் பையன் வந்து நிலைப்படியில் நின்றான். போன தடவை இரண்டு மணி நேரம் இருந்தும் நான் கேட்காத அவன் குரலை நேற்றுத்தான் கேட்டேன். கனமான குரல் இல்லை, கொஞ்சம் கம்மிய குரல். "எம்மா, என்னயும்தான் நீ கேக்கல" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏலே, நீ எப்பலே பேச ஆரம்பிச்ச?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கும் உதடு துடித்தது, கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவன் என்னைப் பார்த்து, "அவங்க என்ன படிக்கணும்ங்காங்க?" என்று கேட்டான். கல்வெட்டு என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டான். தெரியாது என்றேன். எங்கே என்றான். தஞ்சாவூர் என்று ஒரு தடவை சொன்னாள், இப்போது என்ன நினைக்கிறாள் என்று தெரியாது என்றேன். அவன் தலையை ஆட்டினான். "அவங்களுக்குப் பேசணும்னா பேசட்டும். வேண்டாம்னா ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். இதிலிருந்து அவன் நல்லவன் என்று ஒரு விதி எழுத என் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். அவன் இப்படிச் சொன்னான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவன் அம்மா அண்ணாச்சிக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று என் முன்னாலேயே சொன்னாள். காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "பிள்ளேல் ரெண்டும் இன்னும் வாயத் தொறக்கல, நாங்க ரெண்டு பொம்பளைகளுந்தான் பேசிட்டோம்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் பயற்றைப் புடைக்க ஆரம்பித்தாள். என் மேல் அவளுக்கு வருத்தம் இருக்கும், இருக்கட்டும். அது நான் சம்பாதித்தது, நீ சுமக்க வேண்டியது இல்லை.

அந்த நம்பரை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் பாடு. கூப்பிட்டால் நான் கேட்காமல் விட்டதையெல்லாம் நீ கேள். ஒரு நல்ல பதில் வந்ததும் நிறுத்திவிடாதே. வேண்டாம் என்று முடிவு செய்தால் அதைப் போய்ச் சொல்லும் வேலை என்னுடையது. வேண்டும் என்றாலும் பூ வைப்பது உன் படிப்பை என்ன செய்வது என்று பேசிய பிறகுதான். தஞ்சாவூருக்கு எப்போது விண்ணப்பம் போட வேண்டும், விடுதி உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ விசாரித்து எனக்குச் சொல்லிக் கொடு. தூரத்தைப் பற்றி நான் புலம்புவேன், அதற்கு நீ செவி சாய்க்காதே.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெள்ளிக்கிழம பூ வைக்காங்களாமே? கல்யாணம் தையிலயா, மாசியிலயா?" என்றாள். நான் நின்றேன். மழைத்தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அந்தத் தெருவில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"தெரியாதுக்கா."

"ஒனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது. அவதான் சொல்லணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள். நான் வீட்டுக்குள் வந்து, ஈரப் புடவையை மாற்றாமல், நின்றபடியே இதை எழுதத் தொடங்கினேன். இன்று காலை முடிக்கிறேன். இன்னும் உட்காரவில்லை.

உன் அம்மா